டக்ளஸ் கிளார்க் என்ற ரக்பி லீக் ஃபார்வர்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூறு வருடங்களுக்கு முன்னால் வட இங்கிலாந்தில் ஆடிய டக்ளஸ் கிளார்க்கைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால், கேட்பவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே கொடுத்திருக்கிறேன். ஆட்டமே புதிது என்றால் முதலிலிருந்து வாசியுங்கள். ஆட்டம் தெரிந்தவர்கள் 1914-ஆம் வருட சிட்னி ஆட்டத்துக்கு நேராகப் போய்விடலாம்.

யாருங்க இந்த டக்ளஸ் கிளார்க்?

இங்கிலாந்தின் வடமேற்கு ஓரத்தில், கம்பர்லாந்து மாவட்டத்தில், மேரிபோர்ட் என்ற துறைமுக ஊரை ஒட்டிய எலன்பரோவில் 1891 மே மாதம் பிறந்தவர். 1909-இல் பக்கத்து யார்க்‌ஷயர் பகுதியின் ஹடர்ஸ்ஃபீல்ட் கிளப்பில் சேர்ந்து, நடுவில் போருக்குப் போன வருடங்கள் தவிர, 1929 வரை அதே கிளப்புக்கு ஆடினார். 480-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். பிரிட்டனுக்காக 11 டெஸ்ட். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு இரண்டு முறை, 1914-இலும் 1920-இலும், கப்பலேறிப் போய் வந்தார்.

முதல் உலகப் போரில் லாரி ஓட்டி மிலிட்டரி மெடல் வாங்கினார். குஸ்தியிலும் பட்டம் வென்றார். 1951-இல் ஹடர்ஸ்ஃபீல்டில் காலமானார்.

ரக்பி லீக்னா நாம டிவியில பாக்குற ரக்பிதானே?

நம் ஊர் டிவியில் உலகக் கோப்பை என்று பார்ப்பது பெரும்பாலும் ரக்பி யூனியன். ரக்பி லீக் அதிலிருந்து பிரிந்து போன தம்பி. 1895 ஆகஸ்ட் 29 அன்று, ஹடர்ஸ்ஃபீல்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திய கிளப்காரர்கள் கூடிப் பேசி, தனியாகப் போவது என்று முடிவெடுத்தார்கள்.

சண்டை கூலியைப் பற்றியது. வடக்கே ஆடியவர்கள் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அரை நாள் கூலி போய்விடும். அந்தக் கூலியைக் கிளப் ஈடுகட்டக் கூடாது என்றது லண்டனில் இருந்த சங்கம். ஈடுகட்டியே ஆகவேண்டும் என்றது வடக்கு. வேலைக்குப் போய்த்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை, அதனால்தான் அது ஆட்டத்தையே இரண்டாகப் பிளந்தது.

சில இடத்துல நார்தர்ன் யூனியன்னு எழுதுறீங்க, சில இடத்துல ரக்பி லீக்குன்னு எழுதுறீங்க. ரெண்டும் ஒண்ணா?

ஒன்றுதான். பிரிந்து போனவர்கள் முதலில் வைத்துக்கொண்ட பெயர் நார்தர்ன் யூனியன். 1922-இல்தான் ரக்பி லீக் என்று அதிகாரப்பூர்வமாக மாற்றினார்கள். ஆகவே கிளார்க் தன் சிறந்த வருடங்களில் ஆடியது நார்தர்ன் யூனியன் ஆட்டம். இரண்டு பெயரையும் நான் கலந்துதான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விதிகளில் பெரிய மாற்றம் 1906-இல் வந்தது. அணிக்கு 15 பேர் என்றிருந்ததை 13 ஆக்கினார்கள். எதிராளி பிடித்து நிறுத்திவிட்டால், பிடிபட்டவர் எழுந்து பந்தைத் தரையில் வைத்துக் காலால் தட்டி ஆட்டத்தைத் தொடரலாம் என்றார்கள். அதுவரை ஒவ்வொரு தடவையும் இரண்டு கும்பலும் முட்டிக்கொண்டு நின்றதால், பார்க்க வந்தவர்களுக்குப் பந்தே கண்ணில் படாது. கிளார்க் பெரிய கிளப்புக்கு வந்தபோது இந்தப் புது ஆட்டத்துக்கு மூன்று வயதுதான்.

ஃபார்வர்ட்னா கோல் போடுறவருதானே? இவரு எத்தனை கோல் போட்டாரு?

இந்தக் கேள்வி வராத நாளே கிடையாது. ஃபுட்பாலையும் ஹாக்கியையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஃபார்வர்ட் என்றால் முன்னால் நின்று கோல் அடிப்பவர். ரக்பியில் நேர்மாறு. இங்கே ஃபார்வர்ட் என்பவர் மோதிப் பந்தை வாங்கிக் கொடுப்பவர். அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் புள்ளி சேர்ப்பது பின்னால் நிற்கும் பேக் ஆட்டக்காரர்களின் வேலை. ஃபார்வர்ட் ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) போடவே மாட்டார் என்றில்லை, கிளார்க்கும் போட்டிருக்கிறார். ஆனால் அவரை அணியில் எடுத்தது அதற்காக அல்ல.

13 பேரில் ஃபார்வர்ட் ஆறு பேர். ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரண்டு அணியின் ஆறு ஆறு பேரும் குனிந்து, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்து, தலைகளை எதிராளியின் தலைகளுக்கு நடுவே செருகி முட்டிக்கொள்வார்கள். முன்வரிசையின் நடுவில் நிற்பவர் ஹூக்கர். இரண்டு பக்கத் தோள்களிலும் தொங்கிக்கொண்டு, நடுவில் உருட்டிவிடப்படும் பந்தைக் காலால் பின்னுக்குக் கொக்கிபோட்டு இழுப்பவர். அவர் தொங்குகிற அந்த இரண்டு தோள்களுக்கும் சொந்தக்காரர்கள் ப்ராப். அதற்குப் பின்னால் இருவர், கடைசியில் ஒருவர், முதுகு வளைத்துத் தள்ளுவார்கள். காது உரசித் தோல் கிழியும். கால் சேற்றில் புதையும். கிளார்க் முன்வரிசையிலும் இரண்டாம் வரிசையிலும் ஆடினார்.

இன்றைய ரக்பி லீக்கில் ஸ்க்ரம் வெறும் சம்பிரதாயமாகிவிட்டது, யாரும் உண்மையாகத் தள்ளுவதில்லை. அன்றைக்கு ஒரு ஆட்டத்தில் பத்துக் கணக்கில் ஸ்க்ரம் நடக்கும், ஒவ்வொன்றிலும் பந்து யாருக்கு என்பது நிஜமான போட்டி. அப்புறம் ஆறு டேக்கிளுக்கு, அதாவது ஆறு தடவை பிடிபட்டால், ஒருமுறை பந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்ற விதியும் அப்போது இல்லை. ஒருமுறை பந்து கிடைத்தால் தவறவிடும்வரை வைத்துக்கொள்ளலாம். அதனால் ஸ்க்ரமில் பந்தை வாங்கித் தருபவரின் மதிப்பு இன்றைய ஆட்டத்தை வைத்து யோசித்தால் புரியாது.

அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? ஜிம்முக்கெல்லாம் போவாரா?

நிலக்கரி மூட்டையிலிருந்து. மேரிபோர்ட் நிலக்கரியைக் கப்பலேற்றி அனுப்பிய ஊர். கிளார்க்கின் அப்பா நிலக்கரி வியாபாரி. பையன் பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்பாவோடு வண்டியில் ஏறிவிட்டான். மூட்டையைத் தோளில் ஏற்றி, வீட்டு வாசல்வரை நடந்து, குனிந்து கொட்டிவிட்டு, திரும்பி வந்து அடுத்த மூட்டை. நாள் முழுக்க இதுதான். மூட்டை தூக்கியவர்களுக்குத் தெரியும், கையை மட்டும் நம்பினால் கொஞ்ச நேரத்தில் கை ஓய்ந்துவிடும். முதுகும் தொடையும் பாதமும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். ஸ்க்ரம் கேட்பதும் அதையேதான்.

உள்ளூரில் புரூக்லேண்ட் ரோவர்ஸ் என்ற கிளப்பில் ஆடினார். கம்பர்லாந்துப் பையன்கள் கல்லுப்போல இருப்பார்கள் என்று யார்க்‌ஷயர் கிளப்புகளுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. 18 வயதில் ஹடர்ஸ்ஃபீல்ட் அவரைக் கூட்டிக்கொண்டு போனது.

ஹடர்ஸ்ஃபீல்ட் அவ்வளவு பெரிய டீமா?

கிளார்க் சேர்ந்த காலத்தில் பெரிதாகிக்கொண்டிருந்த டீம். சில வருடத்தில் பிரிட்டனில் அதற்கு இணையே இல்லை. எல்லாத் திறமையும் ஒன்றுசேர்ந்த அணி என்று அவர்களுக்குப் பட்டப்பெயர் வந்தது. கேப்டன் ஹாரோல்ட் வாக்ஸ்டாஃப், பக்கத்து ஹோம்ஃபெர்த்துக்காரர், 15 வயதிலேயே ஹடர்ஸ்ஃபீல்டுக்கு ஆட வந்தவர். ஓரத்தில் ஓடிய ஆல்பர்ட் ரோசன்ஃபெல்ட், 1908-இல் இங்கிலாந்து வந்த ஆஸ்திரேலிய அணியில் இருந்தவர். 1913-14 பருவத்தில் 80 ட்ரை போட்டார், அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. வேல்ஸிலிருந்து வந்த பென் கிரோனோ, கோல் (கம்பங்களுக்கு நடுவே, குறுக்குச் சட்டத்துக்கு மேலே பந்தை அனுப்புவது) உதைப்பதில் கெட்டிக்காரர், அவரும் ஃபார்வர்ட்தான்.

ஆட்டம் நடந்த இடம் ஃபார்டவுன் மைதானம். சட்டை கருஞ்சிவப்பும் பொன்னிறமும்.

நாலு கோப்பை, நாலு கோப்பைன்னு சொல்றாங்களே, அது என்ன?

அந்தக் காலத்தில் ஒரு யார்க்‌ஷயர் கிளப் ஒரு பருவத்தில் வெல்லக்கூடியவை நான்கு: சேலஞ்ச் கப், சாம்பியன்ஷிப், யார்க்‌ஷயர் கப், யார்க்‌ஷயர் லீக். நான்கையும் ஒரே பருவத்தில் வென்றவர்கள் வரலாற்றிலேயே மூன்று அணிகள்தான். 1907-08-இல் ஹன்ஸ்லெட், 1914-15-இல் ஹடர்ஸ்ஃபீல்ட், 1927-28-இல் லங்காஷயர் பக்கத்து ஸ்விண்டன் (அவர்களுக்கு யார்க்‌ஷயருக்குப் பதில் லங்காஷயர் கப்பும் லங்காஷயர் லீக்கும்).

1914-15 லீக்கில் ஹடர்ஸ்ஃபீல்ட் 34 ஆட்டத்தில் இரண்டில் மட்டும் தோற்றது. யார்க்‌ஷயர் கப் இறுதியில் ஹல் அணியை 31-0, சாம்பியன்ஷிப் இறுதியில் லீட்ஸை 35-2, ஓல்டமில் நடந்த சேலஞ்ச் கப் இறுதியில் செயின்ட் ஹெலன்ஸை 37-3. ஒரு ட்ரைக்கு மூன்று புள்ளி மட்டுமே கொடுத்த காலம் அது என்பதை மறந்துவிடாதீர்கள். இறுதியாட்டங்களே ஒருதலைப்பட்சமாக முடிந்திருக்கின்றன.

எல்லாப் பேரும் ரோசன்ஃபெல்ட், வாக்ஸ்டாஃப்னு அவங்களுக்கே போகுது. அப்ப கிளார்க் பெருசா என்ன பண்ணிட்டாரு?

நியாயமான கேள்வி. மேலே சொன்ன ஹன்ஸ்லெட் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய ஆறு ஃபார்வர்டுகளையும் சேர்த்து 'பயங்கர ஆறு பேர்' என்றே ஊர் அழைத்தது. ஹடர்ஸ்ஃபீல்டில் பேக் ஆட்டக்காரர்களின் ஓட்டம் அத்தனை அழகாக இருந்ததால், கண் அவர்கள் மேலேயே நின்றுவிட்டது.

ஆனால் ரோசன்ஃபெல்டின் 80 ட்ரையும் எங்கிருந்தோ ஆரம்பித்திருக்க வேண்டும் அல்லவா? ஸ்க்ரமில் பந்து வெளியே வந்தால்தான் வாக்ஸ்டாஃப் கைக்குப் போகும், அங்கிருந்து ஓரத்துக்குப் போகும். எதிரணி ஃபார்வர்டுகள் நான்கு பேர் கிளார்க்கைப் பிடிப்பதற்காக உள்ளே குவிந்தால்தான் ஓரத்தில் இடம் திறக்கும். இந்த வேலைக்கு அந்தக் காலத்தில் யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை. டேக்கிள் எண்ணிக்கை, பந்தைச் சுமந்து ஓடிய தூரம் என்று இன்று திரையில் காட்டுகிற எந்த எண்ணும் அன்றில்லை. இருபது வருடம் ஒரு கிளப் ஒருவரை விடாமல் வைத்திருந்தது என்பதுதான் நம்மிடம் இருக்கும் சாட்சி. எனக்கு அதுவே போதும்.

1914 மேட்ச்சை ஏன் ரோர்க்ஸ் டிரிஃப்ட்னு சொல்றாங்க? அது ஒரு சண்டை பேரு இல்லையா?

சண்டையின் பெயர்தான். 1879 ஜனவரியில் தென் ஆப்பிரிக்காவில், ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற இடத்தில் சுமார் 150 பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கான ஜூலு வீரர்களுக்கு எதிராக விடிய விடியத் தாக்குப்பிடித்தார்கள். அந்த ஒரே சண்டைக்கு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் 11 கொடுக்கப்பட்டது. 1914-இல் வளர்ந்த ஆளாக இருந்த எந்த ஆங்கிலேயருக்கும் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், விளக்கம் வேண்டாம்.

1914 ஜூலை 4 அன்று சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் பிரிட்டன் அணி, அடிபட்டு அடிபட்டு ஆள் குறைந்து, கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் 14-6 என்று ஆஸ்திரேலியாவை வென்றது. அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

எட்டே நாள்ல மூணு டெஸ்ட் எப்படி வெச்சாங்க? யாரும் எதிர்க்கலையா?

எதிர்த்தார்கள். முதல் டெஸ்ட் ஜூன் 27, சனிக்கிழமை, பிரிட்டன் 23-5. இரண்டாவது டெஸ்ட் ஜூன் 29, திங்கட்கிழமை, ஆஸ்திரேலியா 12-7. மூன்றாவது பிறகு மெல்பர்னில் நடப்பதாக இருந்தது. தொடர் சமநிலையில் நின்றதும், சிட்னியிலேயே அடுத்த சனிக்கிழமை வைத்துவிடலாம் என்று உள்ளூர் நிர்வாகிகள் முடிவெடுத்தார்கள். கூட்டம் குவியும் ஆட்டம், விட்டுவிட மனமில்லை.

பயண அணியில் முக்கியமான பலர் ஏற்கெனவே காயத்தில் கிடந்தார்கள். மேலாளர் ஜான் கிளிஃபோர்ட் முடியாது என்றார். இங்கிலாந்துத் தலைமையகத்திலிருந்து ஆடியே தீர வேண்டும் என்று தந்தி வந்தது. டிரஃபால்கர் கடற்போரில் தளபதி நெல்சன் சொன்ன, ஒவ்வொருவரும் தன் கடமையைச் செய்வார் என்று இங்கிலாந்து எதிர்பார்க்கிறது என்ற வாசகத்தையும் அதில் சேர்த்திருந்தார்கள். கிளிஃபோர்ட் அதை ஆட்டக்காரர்களிடம் வாசித்துக் காட்டினார். பத்தாயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு காயம்பட்டவனுக்குக் கடமையை நினைவூட்டுவது எளிது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஆட்டக்காரர்கள் களத்தில் இறங்கினார்கள்.

அந்த மேட்ச்சுல கிளார்க்குக்கு என்னதான் ஆச்சு? ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி சொல்றாங்க.

அன்றைக்கு மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே கிடையாது. பிரிட்டனில் அது 1964-இல்தான் வந்தது. ஒருவர் வெளியே போனால் மிச்சம் இருப்பவர்கள்தான் சமாளிக்க வேண்டும்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஓரத்தில் ஆடிய ஃபிராங்க் வில்லியம்ஸுக்குக் கால் முறுக்கிக்கொண்டது. கிளார்க்கின் கட்டைவிரல் ஒடிந்தது. அதைக் கட்டிக்கொண்டு தொடர்ந்து ஆடினார். ஸ்க்ரமில் ஒருவரை ஒருவர் பிடிப்பது கையால்தான், அதுவும் சட்டைத்துணியை இறுக்கிச் சுருட்டிப் பிடிக்க வேண்டும். ஒடிந்த கட்டைவிரலோடு ஒவ்வொரு ஸ்க்ரமிலும் அப்படிப் பிடித்திருக்கிறார். பிறகு காறை எலும்பு உடைந்தது. தோளைக் கட்டிக்கொண்டு திரும்பவும் உள்ளே வரப் பார்த்தார், முடியவில்லை. காறை எலும்பு போனால் கை மேலே எழாது. ஃபார்வர்டுக்குத் தோள்தான் முதல், அது இல்லாமல் எதை வைத்து முட்டுவது? வெளியே போக வேண்டியதாயிற்று.

வில்லியம்ஸும் போய்விட்டார். பில்லி ஹாலுக்குத் தலையில் அடிபட்டு அவரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டாம் பாதியில் 13 பேருக்கு எதிராக 10 பேர், அதுவும் ஏறக்குறைய அரை மணி நேரம். கடைசிக் கட்டத்தில்தான் ஹால் தள்ளாடியபடி திரும்பி வந்தார்.

பத்து பேரை வெச்சு எப்படி ஜெயிச்சாங்க?

வாக்ஸ்டாஃபின் தலைமை ஒரு காரணம், அவர் ஆடிய ஆட்டங்களிலேயே இது தலைசிறந்தது என்பார்கள். இன்னொன்று, விட்ன்ஸ் கிளப்பின் ஃபார்வர்ட் சிக் ஜான்சன். ஓரத்தில் ஆள் இல்லாததால் ஸ்க்ரமிலிருந்து அவரைப் பிடுங்கி ஓரத்தில் நிறுத்தினார்கள். வேகமாக ஓடிப் பழகாத ஆள். அவருக்குப் பந்து கிடைத்ததும் கையில் வைத்துக்கொண்டு ஓடாமல், ஃபுட்பால் போலக் காலால் தட்டித் தட்டி உருட்டிக்கொண்டே மைதானத்தின் நீளத்துக்குப் போய் ட்ரை போட்டார். டேவிஸ் இன்னொரு ட்ரை, ஆல்ஃப் வுட் நான்கு கோல், கோலுக்கு இரண்டு புள்ளி. ஆறும் எட்டும் பதினான்கு.

கிளார்க் பாதியிலேயே வெளிய போயிட்டாரே? அவரை எப்படி அந்த மேட்ச் ஹீரோன்னு சொல்றீங்க?

ஹீரோ என்று நான் சொல்வதில்லை. அந்த ஆட்டம் வாக்ஸ்டாஃபுடையது, ஜான்சனுடையது. ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு எண்ணம் ஒளிந்திருக்கிறது: கடைசி விசில்வரை நின்றவர்தான் ஆடியவர் என்று. கிளார்க்கும் மற்ற ஃபார்வர்டுகளும் ஆரம்பத்தில் வாங்கிய அடிதான் கடைசி அரை மணி நேரத்துக்கு அணியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

தோள் கொடுப்பது என்று நாம் பேச்சுக்குச் சொல்வோம். அவர் கொடுத்தது நிஜமான தோள், அது உடைந்தது. உடைந்த பிறகும் கட்டிக்கொண்டு திரும்பி வரப் பார்த்தார். ஆட்டக்காரரை மதிப்பிட நான் பார்ப்பது இந்தத் திரும்பி வரப் பார்த்ததைத்தான்.

இதுக்கெல்லாம் நல்ல சம்பளம் கொடுத்தாங்களா?

ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள், ஜெயித்தால் கூட. அதை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. 1898-இல் நார்தர்ன் யூனியன் ஆட்டத்துக்கு வெளிப்படையாகப் பணம் கொடுக்க அனுமதித்தபோதே, ஆடுகிறவர் வேறு வேலையும் பார்க்க வேண்டும் என்று விதி வைத்தது. சில வருடத்தில் விதி போய்விட்டது. வேலை பார்க்கவேண்டிய தேவை மட்டும் போகவில்லை.

போர்ல என்ன பண்ணினாரு? துப்பாக்கி பிடிச்சாரா?

ஸ்டியரிங் பிடித்தார். ராணுவத்தின் பொருள் போக்குவரத்துப் பிரிவில், லாரி ஓட்டுநர். 1917-இல் பெல்ஜியத்தில் பாஷண்டேல் சண்டை நடந்தபோது பீரங்கிக் குண்டுகளை முன்வரிசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. லாரி ஓட்டுவதென்றால் பாதுகாப்பான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். போக இருப்பது ஒரே சாலை, எதிரி பீரங்கிகளுக்கு அந்தச் சாலை எங்கே என்று தெரியும், பின்னால் ஏற்றியிருப்பது வெடிமருந்து. சாலையை விட்டுக் கொஞ்சம் விலகினால் சேறு லாரியையே விழுங்கிவிடும்.

அங்கே அவர் காட்டிய துணிவுக்கு மிலிட்டரி மெடல் கிடைத்தது. நச்சுவாயுவிலும் சிக்கினார், குண்டுச் சிதறல்களாலும் பலத்த காயம்.

1914-இல் சிட்னிக்குப் போன பயண அணியில் மூன்று பேர் போரிலிருந்து திரும்பவேயில்லை. லீட்ஸின் பில்லி ஜார்மன், ரோச்டேலின் வால்டர் ரோமன், கிளார்க்கோடு ஹடர்ஸ்ஃபீல்டில் ஆடிய ஃபிரெட் லாங்ஸ்டாஃப். மூவரும் 1916 கோடையில் இறந்தார்கள். மூவருமே ஃபார்வர்டுகள்.

போர் நேரத்துல ரக்பி யூனியன் ஆடினாராமே? லீக் ஆடினவங்களுக்கு அங்க தடை இல்லையா?

அன்றைக்குச் சாதாரண காலத்தில் வாழ்நாள் தடை. நார்தர்ன் யூனியன் பக்கம் ஒருமுறை ஆடிவிட்டால், காசு வாங்காவிட்டாலும், யூனியன் கதவு மூடிவிடும். போர் வந்ததும் ராணுவத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள்.

கிளார்க் பெல்ஜியத்துக்குப் போகும் முன் லண்டன் பக்கம் குரோவ் பார்க்கில் இருந்த போக்குவரத்துப் பிரிவு முகாமில் இருந்தார். வாக்ஸ்டாஃப், கிரோனோவும் அங்கே. அந்த முகாம் அணி 1916-17-இல் 26 ஆட்டம் ஆடி ஒன்றில் மட்டும் தோற்றது. வடக்கத்தியத் தொழிலாளிகளுக்குத் தங்கள் ஆட்டத்தில் இடமில்லை என்று சொன்னவர்கள், அவர்கள் ஆடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். போர் முடிந்ததும் தடை பழையபடி திரும்பி வந்துவிட்டது.

95 சதவீதம் ஊனம்னு சர்டிஃபிகேட் கொடுத்தாங்கன்னு படிச்சேன். அப்புறம் எப்படி ரக்பி ஆட முடியும்? கதையா இருக்குமோ?

கதை இல்லை. ராணுவத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த சான்று அது. 95 சதவீதம் என்பது ஒரு மனிதன் எவ்வளவு உழைப்புக்கு இனி உதவ மாட்டான் என்று மருத்துவக் குழு போட்ட கணக்கு. காயம் எவ்வளவு ஆறும் என்று அந்தக் கணக்கால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நச்சுவாயு நுரையீரலைப் பாதிக்கும், எண்பது நிமிடம் முட்டி ஓடுகிறவருக்கு மூச்சுதான் எல்லாம். அதனால் சந்தேகம் வருவது இயல்பு.

அவர் மறுபடி பயிற்சி எடுத்து, போருக்குப் பிந்தைய ஹடர்ஸ்ஃபீல்ட் அணிக்குத் திரும்பினார். 1920 ஏப்ரலில் ஹடர்ஸ்ஃபீல்ட் விகனை 21-10 என்று வென்று சேலஞ்ச் கப்பை மீண்டும் எடுத்தது. அதே வருடம் பிரிட்டன் அணிக்கும் அவரைத் தேர்ந்தெடுத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். ஒடிந்த எலும்பைக் கட்டிக்கொண்டு திரும்பி வரப் பார்த்தார் என்று மேலே சொன்னேனே, அதே ஆள்தான்.

1920-ல ரெண்டாவது தடவை நாலு கோப்பை ஜெயிச்சிருக்கலாம்னு சொல்றாங்களே, ஏன் ஜெயிக்கல?

மூன்று கைக்கு வந்துவிட்டது. சாம்பியன்ஷிப் இறுதி மட்டும் பாக்கி. அதற்குள் பயண அணி கப்பலேறிவிட்டது. அதில் ஹடர்ஸ்ஃபீல்டுக்காரர்கள் ஐந்து பேர்: வாக்ஸ்டாஃப், கிரோனோ, கிளார்க், ஜானி ரோஜர்ஸ், க்வின் தாமஸ். அவர்கள் இல்லாமல் ஆடிய இறுதியாட்டத்தில் ஹல் 3-2 என்று வென்றது. ஒரே ஒரு புள்ளி. ஹல் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் அந்த ஐந்து பேரும் இருந்திருந்தால் முடிவு வேறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆஸ்திரேலியாவிலும் அந்த முறை தொடர் கைநழுவியது. முதல் இரண்டு டெஸ்ட் ஆஸ்திரேலியாவுக்கு, மூன்றாவதுதான் பிரிட்டனுக்கு.

குஸ்தி கதை நிஜமா? ரக்பி ஆடிக்கிட்டே குஸ்தியும் போட்டாரா?

நிஜம். கம்பர்லாந்துக்கும் பக்கத்து வெஸ்ட்மோர்லாந்துக்கும் சொந்தமான ஒரு குஸ்தி முறை உண்டு. இரண்டு பேரும் மார்போடு மார்பு ஒட்டி நின்று, ஒருவர் வலது தோளில் மற்றவர் தாடையை வைப்பார்கள். ஒரு கை எதிராளியின் கைக்கு மேலே, ஒரு கை கீழே, முதுகுக்குப் பின்னால் விரல்களைக் கோத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிடியை விட்டால் தோல்வி. பாதம் தவிர உடம்பின் எந்தப் பகுதி முதலில் தரையில் பட்டாலும் தோல்வி. மூன்றில் இரண்டு வென்றவர் ஜெயித்தவர். வெள்ளை நீளக் கால்சட்டையும் மேலே பூவேலை செய்த அரை நிஜாரும் போட்டுக்கொண்டு, புல்வெளியில், சுற்றி ஊர் உட்கார்ந்திருக்க நடக்கும்.

அந்தப் பக்கத்தில் இதற்குப் பெரிய மேடை கிராஸ்மியர் விளையாட்டு விழா. கிளார்க் 1920-களில் அங்கே ஹெவிவெயிட் பட்டத்தை இரண்டு முறை வென்றார். தள்ளுவதும், தள்ளப்படும்போது கால் பெயராமல் நிற்பதும்தான் இரண்டுக்கும் அடிப்படை, ஆகவே ரக்பியும் குஸ்தியும் அவருக்கு வேறு வேறு வித்தையாகத் தோன்றியிருக்காது. ரக்பியை விட்ட பிறகு, 1930-களில் பிரிட்டன் முழுக்கப் பரவிய தொழில்முறை குஸ்தியிலும் நாற்பது வயது தாண்டி இறங்கினார்.

இப்ப ஆடுறவங்களோட வெச்சுப் பாத்தா அவர் எங்க நிப்பாரு?

நேராக ஒப்பிட முடியாது. இன்றைய ப்ராப் எடையிலும் உயரத்திலும் அவரைவிடப் பெரியவர், இருபது முப்பது நிமிடம் மோதிவிட்டு உட்கார்ந்து மூச்சு வாங்கி மறுபடி வருவார். கிளார்க் மாற்று ஆள் இல்லாமல் முழு எண்பது நிமிடமும் ஆடினார், தண்ணீர் குடித்துக் கனத்துப்போன தோல் பந்தோடு, மறுநாள் வேலையும் பார்த்துக்கொண்டு. இன்றைய ஆட்டத்தின் வேகத்துக்கு அவர் திணறலாம். அன்றைய ஸ்க்ரமில் இன்றைய ப்ராபின் கழுத்தும் திணறும்.

பிரிட்டிஷ் ரக்பி லீக்கின் புகழ் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த வரிசையில் பேக் ஆட்டக்காரர்களே அதிகம் என்பதால், அவர் பெயரைப் பார்க்கும்போது எனக்குக் கூடுதல் சந்தோஷம்.

ஊருக்குப் போனா பாக்க ஏதாவது மிச்சம் இருக்கா?

ஆட்டம் பிறந்த ஜார்ஜ் ஹோட்டல் கட்டடம் ஹடர்ஸ்ஃபீல்ட் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் படும். ஃபார்டவுனை விட்டு 1992-இல் கிளப் வெளியேறிவிட்டது, பழைய பார்வையாளர் மேடைகள் இல்லை, புல் மட்டும் இருக்கிறது. நான்காவது கோப்பையை வென்ற ஓல்டம் மைதானத்தின் மேல் வீடுகள் வந்துவிட்டன.

மேரிபோர்ட்டுக்குப் போனால் வேறு மாதிரி. அவர் பையனாக ஆடிய புரூக்லேண்ட் ரோவர்ஸ் அங்கே இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.